கில்பெக் தேவாலயம் (ஹெர்ஃபோர்ட்ஷயர்): கூரைக்கு அடியில் 85 சிற்பங்கள். பார்த்தவர்களும் தெரிந்தவர்களும் வாங்க, பேசுவோம்

வைக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். கோயில் கட்டடக்கலை பகுதியில் இதுவரை வாசகனா மட்டும்தான் இருந்தேன். முதல் இழை இது.

நாலு வருஷமா ஹெர்ஃபோர்டில் வேலை. போன மாசம் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்தாங்க. லண்டன், பிரமாண்டமான கதீட்ரல் எல்லாம் காட்டியாச்சு. அம்மா பெருசா எதுவும் சொல்லல. ஊருக்குக் கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது, ஹெர்ஃபோர்டுக்குத் தென்மேற்கே 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கில்பெக் கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வயலும் ஆடுகளுமா இருக்கும் சின்ன ஊர். அதில் புனித மரியாள், புனித டேவிட் பெயரில் ஓர் ஆங்கிலிக்கன் கோயில். கோபுரம் கிடையாது. மேற்கு முகட்டின் மேல் சின்ன மணிக்கூண்டு மட்டும். தூரத்திலிருந்து பார்த்தா செங்கல்லில் கட்டின வீடு மாதிரிதான் தெரியும். பக்கத்தில் போனால்தான் அது செங்கல் இல்ல, சிவப்பு மணற்கல் என்று புரியும்.

கட்டினது 1140 வாக்கில். நம்ம கணக்கில் இரண்டாம் குலோத்துங்கன் காலம்.

அம்மா உள்ளே போகவே இல்ல. வாசலில் கொஞ்ச நேரம் நின்னுட்டு, பழக்கதோஷத்தில் வலம் வர ஆரம்பிச்சாங்க. அண்ணாந்து பார்த்துக்கிட்டே நடக்கிறாங்க. கூரை சுவரைத் தொடும் இடத்தில், சுற்றிலும் கல்லில் சின்னச் சின்னத் தலைகள், உருவங்கள். மொத்தம் 91 இருந்ததாம், இப்போ 85 இருக்கு. ஓர் இடத்தில் நின்னு என்னைக் கூப்பிட்டாங்க. "இங்க பாரு, நாயும் முயலும்." பார்த்தேன். பெரிய கண்ணோட ஒரு வேட்டைநாய், பக்கத்திலேயே நீளக் காதுள்ள முயல். ரெண்டும் தோளோடு தோள் ஒட்டி நம்மளையே பார்க்குது. "துரத்துற மாதிரி செய்யலியே. ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரியில்ல உட்கார்ந்திருக்கு" என்றார்கள்.

நான் அதுக்கு முன்னாடி மூணு தடவை போயிருக்கேன், அதைக் கவனிச்சதே இல்ல. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் சுற்றினோம்.

இனி என் கேள்வி. இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு வேலைப்பாடு எப்படி வந்தது? வந்ததுதான் போகட்டும், 880 வருஷம் கழிச்சு முயலின் காது வரைக்கும் எப்படித் தேயாம நிற்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் படிச்சதையும் ஒவ்வொன்னா போடுறேன்.

பனங்காடு

அருமை அண்ணே. வாசலைப் பத்தி இன்னும் சொல்லுங்க. அம்மா ஏன் உள்ளே போகாம அங்கேயே நின்னாங்க?

வைக்கரையான்

தம்பி, அந்தத் தெற்கு வாசலைப் பார்த்தா யாரும் நின்னுடுவாங்க.

கதவுக்கு மேலே அரைவட்டக் கல். அதில் கிளை விரிச்ச ஒரு மரம், குலை குலையா திராட்சை மாதிரி. ஜீவவிருட்சம் என்று சொல்றாங்க. அதைச் சுற்றி அடுக்கு அடுக்கா வளைவுகள். வளைவுக் கல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை: அலகு நீட்டின பறவை, பல்லைக் காட்டும் மிருகம், மீன், சுருண்ட பாம்பு. நடு உச்சியில் ஒரு தேவதூதர். நிலைக்கல்லில் தலைகீழா இறங்கும் பாம்புகள், ஒன்னு இன்னொன்னை விழுங்குது.

இடப்பக்கத் தூணில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கொடிச் சிக்கலுக்குள்ளே ரெண்டு வீரர்கள், ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே. தலையில் கூம்புக் குல்லாய். உடம்போடு ஒட்டின சட்டை, காலில் சராய். துணியின் மடிப்பைக் கோடு கோடா இழைச்சிருக்கார் சிற்பி. வலப்பக்கத் தூண் முழுக்கக் கொடி, அடியில் ரெண்டு பறவைகள். அதன் தலைப்பில் ஒரு முகம், வாயிலிருந்து இலைக்கொடி ரெண்டு பக்கமும் பீறிட்டு வருது.

அம்மா அந்த முகத்தைத்தான் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

யாளிப்பித்தன்

வாயிலிருந்து கொடி வரும் முகமா? ஐயா, அது நம்ம கீர்த்திமுகம் அல்லவா! வாசலுக்கு மேல் வளைவு, அதில் மிருக வாயிலிருந்து கொடி என்றால் மகர தோரணம். கூரைக்கு அடியில் வரிசையா குட்டி உருவங்கள் என்றால் பூதவரி. தஞ்சாவூரில், மதுரையில் எந்தக் கோயில் கொடுங்கைக்கு அடியில் பார்த்தாலும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வாத்தியம் வாசித்துக்கொண்டு பூதகணங்கள் வரிசை கட்டி நிற்கும். 1140 என்றால் சிலுவைப் போர்க் காலம். கிழக்கே போய்த் திரும்பியவர்கள் இங்கிருந்து கொண்டுபோனதாகத்தான் இருக்கும். நம்முடையதை நம்முடையது என்று சொல்ல ஏன் தயங்கவேண்டும்?

ஆர்_மாதங்கி

யாளிப்பித்தன் ஐயா, உங்க கண்ணை மதிக்கிறேன். ஒப்புமை சரிதான். முடிவுதான் சரியில்லை. இடைக்காலச் சிற்பம் என் படிப்பு, அதனால் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

கில்பெக் தனியாக முளைத்த அதிசயம் இல்லை. அதே கைகள், அல்லது அதே பட்டறையில் பழகிய கைகள், சுற்று வட்டாரத்தில் பல இடத்தில் வேலை செய்திருக்கின்றன. ஷாப்டன், ரோல்ஸ்டோன், பிரின்சப், ஃபவுன்ஹோப், ஏர்டிஸ்லியின் ஞானஸ்நானத் தொட்டி, காசில் ஃப்ரோம் தொட்டி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. ஆய்வாளர்கள் இதை ஹெர்ஃபோர்ட்ஷயர் பள்ளி என்பார்கள். பள்ளி என்றால் கட்டடம் இல்லை, நாம் சொல்லும் பாணி. ஏர்டிஸ்லித் தொட்டியைச் சுற்றி இரண்டு வீரர்கள் சண்டையிடுவார்கள். அவர்கள் உடையிலும் கில்பெக் தூணில் உள்ள அதே கோட்டு மடிப்பு. நீங்கள் ஒரு பல்லவத் தூணைப் பார்த்ததும் சிங்கத்தின் பிடரியை வைத்தே சொல்லிவிடுவீர்கள் அல்லவா, அதுபோல.

இந்தப் பாணிக்குள் மூன்று ஓடைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, உள்ளூர்ப் பின்னல் வேலை. ஆங்கிலோ-சாக்சன், கெல்ட்டிய மரபில் கொடியும் பாம்பும் பின்னிப் பின்னி வரும். இரண்டு, வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளின் சாயல். கில்பெக்கின் மேற்குச் சுவர் உச்சியில் வாயைப் பிளந்து, நாக்கைச் சுருட்டி நீட்டிக்கொண்டிருக்கும் நாகத் தலைகளைப் பாருங்கள், கப்பல் முகப்பு மாதிரியே இருக்கும். மூன்று, மேற்குப் பிரான்சும் வட ஸ்பெயினும். இதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு மனிதர் இருக்கிறார். ஷாப்டன் கோயிலைக் கட்டிய ஆலிவர் டி மெர்லிமண்ட், மார்ட்டிமர் பிரபுவின் காரியஸ்தர். அவர் ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ டி கம்போஸ்டெலாவுக்கு யாத்திரை போய்வந்தவர். யாத்திரை வழியில் பார்த்த கோயில்களின் சாயல் ஷாப்டனிலும் கில்பெக்கிலும் தெரிகிறது. கில்பெக் கோயிலுக்குள் இருக்கும் வளைவில், இரண்டு பக்கமும் ஒருவர் தலைமேல் ஒருவராக மூன்று மூன்று பேர் நிற்கிறார்களே, தூணிலேயே மனித உருவத்தை அடுக்கும் அந்த யோசனை கம்போஸ்டெலாவின் தெற்கு வாசலில் இருக்கிறது.

பூதவரி ஒப்புமை எனக்கும் மிகவும் பிடித்தது. சுவரும் கூரையும் சேரும் இடம் எந்த நாட்டுக் கொத்தனுக்கும் ஒரு கணுதான். கட்டடத்தின் பாரம் அங்கே இறங்குகிறது, கண்ணும் அங்கே ஏறி நிற்கிறது. அந்த இடத்தை வெறுமையாக விட இரண்டு ஊர் சிற்பிகளுக்கும் மனம் வரவில்லை. இதற்கு ஒருவர் இன்னொருவரிடம் கற்றிருக்கத் தேவையில்லை.

யாளிப்பித்தன்

மாதங்கி, ஏற்றுக்கொள்கிறேன். ஆலிவர் பற்றிய செய்தி எனக்குப் புதிது. ஆனால் அந்த இலை வாய் முகத்தை ஏதோ பழைய வனதேவதை என்றுதானே அங்கேயும் சொல்கிறார்கள்? பச்சை மனிதன் என்று?

ஆர்_மாதங்கி

அந்தப் பெயர் 1939இல் வந்தது ஐயா. ராக்லன் சீமாட்டி ஒரு நாட்டுப்புறவியல் கட்டுரையில் வைத்த பெயர் அது. அதற்கு முன் இவற்றை இலைத்தலை என்றுதான் சொன்னார்கள். கிறிஸ்தவத்துக்கு முந்திய காட்டுத் தெய்வம் என்ற கதை அந்தக் கட்டுரைக்குப் பிறகு பரவியது. 1140இல் உளி பிடித்தவர் மனதில் அது இருந்ததாகக் காட்ட எதுவும் இல்லை.

வைக்கரையான்

மாதங்கி, உங்களை மாதிரி ஒருத்தர் வரணும்னுதான் இழை தொடங்கினேன். நன்றி.

வரலாற்றுப் பக்கம் நான் சேர்த்தது. 1086இல் எழுதின டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கில் கில்பெக் வருது. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்ச நார்மன்கள் வந்த புதுசு, ஊர் வில்லியம் ஃபிட்ஸ் நார்மன் கையில் இருக்கு. அவர் வழியில் வந்த ஹியூ, ராஜாவின் காட்டுக்குக் காவல் அதிகாரி. கோயிலுக்கு மேற்கே ஒட்டின மாதிரி ஒரு மண்மேடு இருக்கு, அதுதான் அவங்க கோட்டை இருந்த இடம். ஜான் ராஜா அங்கே வந்து தங்கியிருக்கார். இப்போ மேட்டு மேலே உடைஞ்ச சுவர் ரெண்டு துண்டு மிச்சம். கோயில், கோட்டை, ஊர் மூணையும் சேர்த்துச் சுற்றி மண்கரை. ஊர் காலியாகிப் போன இடத்தில் இப்போ புல். சாயங்கால வெயிலில் பார்த்தா பழைய வீட்டு மனைகளின் மேடு பள்ளம் நிழலா விழும்.

1134இல் ஹியூ இந்தக் கோயிலை குளோஸ்டர் மடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கார். அடுத்த வருஷமே முதலாம் ஹென்றி ராஜா இறந்து, அவர் சகோதரி மகன் ஸ்டீபனுக்கும் அவர் மகள் மட்டில்டாவுக்கும் அரியணைச் சண்டை தொடங்கி 1153 வரை நீளுது. ஹெர்ஃபோர்ட்ஷயர் அந்தச் சண்டையின் நடுவில் கிடந்த சீமை. அந்த வருஷங்களில்தான் நாயையும் முயலையும் ஒருத்தர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வெச்சிருக்கார். இதை நினைச்சதும் எனக்கு அந்தச் சிற்பம் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது.

செல்வி_கார்டிஃப்

வணக்கம். ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கில்பெக் இங்கிலீஷ் பெயரே இல்லை. கில் பெடெக் என்ற வெல்ஷ் பெயர். கில் என்றால் ஒதுக்குப்புறமான மூலை. அந்தச் சீமைக்கே அர்ச்சன்ஃபீல்ட் என்று பெயர், வெல்ஷில் எர்கிங். புனித டேவிட் வேல்ஸின் காவல் புனிதர். ஆக நார்மன்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே அங்கே வெல்ஷ்காரர்களின் சாமி கும்பிடும் இடம் இருந்திருக்கிறது. அதன் மேல்தான் ஹியூ குடும்பம் கட்டியது.

மொழி பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். 1563இல் பைபிளை வெல்ஷில் பெயர்க்கச் சொல்லி நாடாளுமன்றம் சட்டம் போட்டபோது, அந்தப் பொறுப்பை வேல்ஸின் நாலு பேராயர்களோடு ஹெர்ஃபோர்டு பேராயருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் மறைமாவட்டத்தில் அத்தனை பேர் வெல்ஷ் பேசினார்கள். முழு வெல்ஷ் பைபிள் 1588இல் வந்தது. கில்பெக் வாசலில் நிற்கும்போது எனக்கு இந்த நினைப்புதான் வரும். கொடிப் பின்னலைச் செதுக்கியவர் வீட்டில் என்ன மொழி பேசியிருப்பார் என்று.

நாசரேத்துப்பெண்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் திருநெல்வேலி நாசரேத். எங்க ஊர்ச் சபைகள் எஸ்பிஜி, சிஎம்எஸ் மிஷன்கள் வழியா வந்த ஆங்கிலிக்கன் சபைகள்தான், 1947க்குப் பிறகு சிஎஸ்ஐ. சின்ன வயசில் பாமாலை, லித்தானியா, ஜெப புஸ்தகம் எல்லாம் அங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டே வளர்ந்தோம். அதனால் ஒரு சந்தேகம். 1140இல் ஆங்கிலிக்கன் சபையே கிடையாதே, எல்லாம் ரோமாபுரிக்குக் கீழேதானே? பிறகு எப்படி இது பழைய ஆங்கிலிக்கன் கோயில் ஆகும்?

இன்னொன்னு. உள்ளே அமைப்பு எப்படி? பலிபீடம் கிழக்கேதானா? ஞானஸ்நானத் தொட்டி வாசல் பக்கமா?

வைக்கரையான்

அக்கா, நல்ல கேள்வி. கட்டினப்போ அது ரோமத் திருச்சபைக் கோயில்தான். 1534இல் எட்டாம் ஹென்றி போப்பாண்டவரின் அதிகாரத்தை வெட்டிவிட்டதும், நாட்டிலுள்ள பாரிஷ் கோயில் எல்லாம் அப்படியே இங்கிலாந்து சபைக்கு வந்துடுச்சு. கட்டடம் அதே, ஊர் அதே, ஞாயிற்றுக்கிழமை அடிக்கும் மணியும் அதே. 1549இல் ஜெப புஸ்தகம் இங்கிலீஷில் வந்தது. சுவர் ஓவியங்களுக்கு வெள்ளையடிச்சாங்க, சிலுவைத் தட்டியை இறக்கினாங்க, நாட்டில் பல இடத்தில் புனிதர் சிலைகளின் தலையை உடைச்சாங்க.

கில்பெக் வெளிச்சுவர் தப்பினதுக்கு என் மனசில் படும் காரணம் ஒன்னு. உடைக்க வந்தவங்களுக்கு, ஜனங்க விழுந்து கும்பிட்ட உருவங்கள்மேல்தான் கோபம். நாயையும் முயலையும் யார் கும்பிட்டா? கோயிலுக்குள் இருக்கும் வளைவில் ஆறு புனிதர் உருவங்களும் தப்பிச்சிருக்கு. அதுக்கு ஊர் ஒதுக்குப்புறமா இருந்தது காரணமா இருக்கலாம்.

உள்ளே மூணு அறை, ஒன்னுக்குள் ஒன்னு. ஜனங்க உட்காரும் நேவ். அதைவிடக் கொஞ்சம் குறுகலா சான்சல். கடைசியில் கிழக்கே, அரைவட்டமா ஆப்ஸ், அங்கே பலிபீடம். நம்ம ஊர் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை மாதிரி போகப் போகச் சுருங்கும். ஆப்ஸின் கூரை கல் வளைவு. விலா எலும்பு மாதிரி வளைஞ்சு வரும் கல் பட்டைகள் நடுவில் ஒரு குமிழ்க்கல்லில் சேருது, அந்தக் குமிழில் மிருகத் தலைகள். சன்னல் எல்லாம் சின்னது, வெளிச்சம் கொஞ்சமாத்தான் வரும். வெளியில் பார்த்த கூட்டம், இரைச்சல் எல்லாம் உள்ளே வந்ததும் அடங்கிடும்.

தொட்டி ரொம்பப் பெருசு, வழவழன்னு வேலைப்பாடு இல்லாத கல் கிண்ணம். குழந்தையை முழுசா முக்கி எடுத்த காலத்து அளவு. அப்புறம் ஒரு தீர்த்தக் கிண்ணம் இருக்கு அக்கா. பானை வயிறு மாதிரி கல், அந்த வயிற்றை ரெண்டு கை கட்டிப் பிடிச்சிருக்கும். நான் பார்த்த கல்வேலையில் அவ்வளவு அன்பா செஞ்சது வேற இல்ல.

நேவின் வடகிழக்கு மூலையை மட்டும் வெளியே நின்னு பாருங்க. அங்கே கல் நெட்டுக்கு ஒன்னு, படுக்கைக்கு ஒன்னுன்னு மாத்தி மாத்தி அடுக்கியிருக்கும். அது சாக்சன் கால மூலை. நார்மன் கொத்தனார் பழைய கோயிலை முழுசா இடிக்கல.

நாசரேத்துப்பெண்

அந்தக் கிண்ணத்தைப் படிச்சதும் கண்ணில் தண்ணி வந்துட்டு தம்பி. எங்க கோயில் குட்டியார் (கோயில் பணியாள்) மணி அடிக்கும் முன்னாடி கயிற்றைக் கண்ணில் ஒத்திக்குவார். அது ஞாபகம் வந்தது.

பனங்காடு

அண்ணே, ஒன்னு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. இணையத்தில் கில்பெக்னு தேடினா முதலில் வருவது அந்தப் பெண் சிற்பம். தேவாலயத்தில் எப்படி அனுமதிச்சாங்க?

வைக்கரையான்

தப்பே இல்ல தம்பி. ஷீலா நா கிக் என்று சொல்வாங்க, அது அயர்லாந்திலிருந்து வந்த பெயர். ஆப்ஸின் வெளிச்சுவரில் கூரைக்கு அடியில் இருக்கு. பெரிய தலை, வட்டக் கண், ஒடுங்கின உடம்பு, ரெண்டு கையாலும் யோனியை விரிச்சுக் காட்டும் உருவம். காம இச்சை பற்றிய எச்சரிக்கைன்னு ஒரு பக்கம் சொல்றாங்க. திருஷ்டி கழிக்க, தீமையை விரட்டன்னு இன்னொரு பக்கம். பிள்ளைப்பேறுக்குன்னு மூணாவது.

விக்டோரியா காலத்துச் சீமாட்டி ஒருத்தர் ஆபாசம்னு சிலதை உடைச்செடுக்கச் சொன்னாங்க, அதனால்தான் 91இல் ஆறு காணோம்னு ஊர்ல ஒரு கதை இருக்கு. அப்படின்னா இதை எப்படி விட்டாங்கன்னு அந்தக் கதையைக் கேட்கத் தோணுது.

அம்மா அதைப் பார்த்தாங்க. நான் கொஞ்சம் சங்கடப்பட்டு நகரப் பார்த்தேன். "தெரியாமலா வெச்சிருப்பான்? பிள்ளை பெத்தவளுக்குப் புரியும்" என்று சொல்லிட்டு அடுத்த தலைக்குப் போயிட்டாங்க.

ஆர்_மாதங்கி

அம்மாவின் வார்த்தையை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டேன். பாதாமி பக்கம், கால் விரித்து அமர்ந்த தாய்த்தெய்வமான லஜ்ஜாகௌரியைப் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம்: லஜ்ஜாகௌரிக்கு வழிபாடு உண்டு, எண்ணெய் சாத்தினார்கள். ஷீலா வழிபடும் இடத்தில் இல்லை, கூரை ஓரத்தில், பன்றிக்கும் கரடிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் ஓர் உருவம். அதே வரிசையில் சிலுவை ஏந்திய தேவ ஆட்டுக்குட்டி இருக்கிறது, நரம்புக்கருவி ஒன்றை வாசிப்பவர் இருக்கிறார், கட்டிப்பிடித்து நிற்கும் இருவர் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து விளக்கினால் மற்ற 84க்கும் அந்த விளக்கம் பொருந்தாது. வரிசையைத்தான் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

கல்லுளி

பிள்ளைகளா, மாமல்லபுரத்திலிருந்து எழுதுறேன். பேரன்தான் டைப் பண்றான். நாப்பது வருஷம் உளி பிடிச்ச கை.

படங்களைப் பெருசாக்கிப் பார்த்தேன். எல்லாரும் யார் செதுக்கினா, எங்கேயிருந்து வந்ததுன்னு பேசுறீங்க. எப்படித் தேயாம நிக்குதுன்னு தம்பி கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. அது கல்லைப் பத்தின கேள்வி.

எங்க கல் கருங்கல். உளி பட்டா பொடியாத் தெறிக்கும், இறங்காது. ஒரு நாள் பூரா அடிச்சாலும் ஒரு விரல் ஆழம். அதனால எங்க சிற்பத்தில் உடம்பு உருண்டையா, வழவழன்னு வரும். மணற்கல் வேற ஜாதி. வெட்டி எடுத்த புதுசில் உள்ளே ஈரம் இருக்கும், வெண்ணெய் மாதிரி இல்லாட்டியும் உளி சொன்னபடி கேக்கும். அப்போ நூல் பிடிச்ச மாதிரி கோடு போடலாம். அந்தத் துணி மடிப்பு அப்படித்தான் வந்திருக்கு. காய்ஞ்சதும் மேல்தோல் இறுகிடும். செதுக்கினவர் இந்தக் காலக்கெடு தெரிஞ்சவர்.

இன்னொன்னு, மணற்கல்லுக்குப் படுகை உண்டு. பூமியில் எப்படிப் படுத்திருந்ததோ அதே வாக்கில் சுவரில் படுக்க வைக்கணும். நிமித்தி வெச்சா பத்து மழையில் செதில் செதிலா உரியும். நாங்க தட்டிப் பார்த்துச் சத்தத்தில் ஆண் கல், பெண் கல் சொல்ற மாதிரி, அந்த ஊர்க் கல்தச்சனும் கல்லை அறிஞ்சுதான் எடுத்திருக்கான். தூணில் வர்ற வீரர்களை மட்டும் கிட்டத்தில் பார்க்கணும். தூண் நிமிர்ந்து நிக்கும் கல், அங்கே எப்படிச் சமாளிச்சான்னு தெரியணும்.

வைக்கரையான்

ஐயா, கும்பிடுறேன். இத்தனை புத்தகத்தில் தேடினது உங்க பதிவில் கிடைச்சது.

நீங்க சொன்னதுக்குச் சாட்சியா, எதிர்மறையா ஒன்னு இருக்கு. மாதங்கி சொன்ன ஷாப்டன். கில்பெக்குக்கு அக்கா மாதிரி, அதுக்குச் சற்று முந்தினது. 1750களில் அந்த ஊர்ப் பிரபு குடும்பம் பழைய கோயில் நாகரிகமா இல்லன்னு இடிச்சுப் புதுசு கட்டினாங்க. சிற்ப வளைவுகளை மட்டும் எடுத்துக்கிட்டுப் போய் பூங்காவில் ஒரு மேட்டு மேலே அலங்காரத்துக்கு நிறுத்தினாங்க. கூரை இல்ல. 270 வருஷமா மழை, பனி. கல்லுக்குள் இறங்கின தண்ணி குளிர்காலத்தில் உறைஞ்சு, விரிஞ்சு, தோலைத் தள்ளிடுது. நான் போய்ப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் கட்டி கட்டியா கல். கையால் தொட்டா விரலில் மணல் ஒட்டுது.

ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவியர் 19ஆம் நூற்றாண்டு நடுவில் கில்பெக்கையும் ஷாப்டனையும் வரைஞ்சு வெச்சிருக்கார். ஷாப்டனுக்கு இப்போ அந்தப் படங்கள்தான் ஆதாரம். அச்சு வார்ப்பும் எடுத்தாங்க, அது லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இருந்து 1936 தீயில் போயிடுச்சு.

ஒரே காலம், ஒரே பாணி. ஒன்னு கூரைக்கு அடியில் தன் சுவரிலேயே இருந்தது. இன்னொன்னை அழகுக்காக எடுத்து வெளியில் வெச்சாங்க. ரெண்டையும் ஒரே நாளில் பார்த்துட்டு வந்து அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

யாளிப்பித்தன்

இதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. நம் ஊரில் மணல் பீச்சித் தூண்களைச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்தை அழித்த கதைகளை இதே தளத்தில் பேசியிருக்கிறோம். அங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அரசா?

செல்வி_கார்டிஃப்

அரசு இல்லை ஐயா. இங்கிலாந்தில் பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் முதல்தரப் பட்டியலில் உள்ளவற்றில் ஏறத்தாழ 45 விழுக்காடு இங்கிலாந்து சபையின் கோயில்கள். கில்பெக்கும் முதல்தரம். ஆனால் அன்றாடப் பராமரிப்பு அந்தந்த ஊர்ச் சபையின் தலையில். இரண்டு கோயில் கண்காணிப்பாளர்கள், ஒரு கமிட்டி, அவ்வளவுதான். கூரைத் தகரம் ஒழுகினால் அவர்கள்தான் பணம் திரட்டணும். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். புல் வெட்டுவது, பூ வைப்பது, காலையில் கதவு திறப்பது எல்லாம் முறை போட்டுச் செய்வார்கள்.

அதே சமயம் இஷ்டத்துக்கு எதையும் மாற்றவும் முடியாது. ஒரு பெஞ்சை எடுக்கணும் என்றாலும் மறைமாவட்டத்தின் எழுத்து அனுமதி வேண்டும். சுவர்ப் பூச்சுக்குச் சிமெண்ட் கூடாது, சுண்ணாம்புதான். சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துக் கல்லைத் தின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கிறேன் என்று பழைய சுவர்களைச் சுரண்டியது பொறுக்காமல்தான் 1877இல் வில்லியம் மாரிஸ் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழுது பார், புதிதாக்காதே என்பது அவர்கள் கொள்கை.

நாசரேத்துப்பெண்

எங்க ஊரிலும் சேகரத்துக் கமிட்டிதான் எல்லாம். பிரதிஷ்டை பண்டிகைக்கு முன்னாடி வெள்ளையடிக்க வீட்டுக்கு வீடு வரி. சுண்ணாம்பு போய் இப்போ பெயிண்ட் வந்துட்டு. இந்த இழையை எங்க கமிட்டிப் பெரியவருக்கு வாசிச்சுக் காட்டப் போறேன்.

பனங்காடு

அண்ணே, அடுத்த வருஷம் பர்மிங்காமுக்குப் படிக்க வரேன். எப்போ போனா நல்லா பார்க்கலாம்?

வைக்கரையான்

வா தம்பி, நானே கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸை நம்ப முடியாது, ஆபர்கவென்னி போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பணும். வெயில் நாள் காலையிலோ சாயங்காலமோ தெற்கு வாசலில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும், கொடியின் ஆழம் அப்போதான் தெரியும். கூரையடிச் சிற்பங்களுக்கு ஒரு பைனாகுலர் எடுத்துக்கோ, கழுத்து வலிக்கும். உள்ளே காணிக்கைப் பெட்டி இருக்கு, முடிஞ்சதைப் போடு.

கல்லுளி

வைக்கரை தம்பி, ஒரு உதவி. அந்த வீரர் தூணைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. முன்னால நின்னு எடுக்காதே, பக்கத்தில் நின்னு, வெளிச்சம் சாய்ஞ்சு விழும்போது எடு. கல்லில் படுகைக்கோடு குறுக்கே ஓடுதா, நெட்டுக்கு ஓடுதான்னு எனக்குத் தெரியணும். மேல் வீரனும் கீழ் வீரனும் சேரும் இடத்தில் ஒட்டு இருக்கான்னும் பாரு. தூணை ஒரே கல்லில் எடுத்தானா, துண்டு துண்டா அடுக்கிட்டு அப்புறம் செதுக்கினானான்னு அதில் தெரிஞ்சிடும்.

வைக்கரையான்

சரி ஐயா. சனிக்கிழமை மழை இல்லைன்னு சொல்லியிருக்காங்க. பத்து மணிக்கெல்லாம் அங்கே இருப்பேன். அம்மாவும் ஃபோனில் சொல்லியிருக்காங்க, முயலைத் தனியா ஒரு படம் எடுத்து அனுப்பணுமாம், பூஜை அறை அலமாரியில் வைக்க. ரெண்டையும் எடுத்துட்டு வந்து இங்கேயே போடுறேன்.